நான்கு பாகைக்குப் பத்து இலக்கம்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் 1082130432 என்ற எண் மறுபடியும் என் முன்னால் வந்து நின்றது. எங்கள் அலுவலகத்தில் குளிரூட்டி லொறிகளின் வெப்பநிலையைப் பதிவு செய்ய ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள். அதை எழுதுகிற பெண் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, சென்சர் பழுதாப் போச்சு போல, என்னென்னமோ நம்பர் வருது" என்றாள். நான் ஒரு தடவைதான் பார்த்தேன். சென்சர் நன்றாகத்தான் இருக்கிறது, லொறிக்குள் சரியாக நாலு பாகை என்றேன். அவள் போய் நான் சொன்னபடி ஒரு சொல்லை மாற்றி ஓட்டிப் பார்த்தாள். திரையில் 4.0 என்று வந்தது. அப்புறம் அன்று முழுவதும் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தங்கையின் தொலைபேசி எண்கூட எனக்கு மனப்பாடம் இல்லை. அந்த எண் மட்டும் ஏன் மறக்கவில்லை என்று அவளிடம் என்னவென்று சொல்வது.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. செய்தி வந்த அன்று நான் அழவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பதினாலு வருடமாகப் பார்க்காத ஒருவர், பனி பெய்யும் ஊரில், மாரடைப்பில் போய்விட்டார் என்றால் மனதுக்கு எதைப் பிடித்துக்கொண்டு அழுவதென்று தெரிவதில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனைவிக்கு அழைப்பு எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாதோ என்று இப்போது நினைக்கிறேன். அவர் ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. உங்களிடம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் நடந்ததை ஒழுங்காக வரிசைப்படுத்திப் பார்க்கிறேன், ஏனென்றால் எனக்கே எது முன், எது பின், எதனால் எது என்பது குழம்பிப்போயிருக்கிறது.

கண்டியில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த நம் அலுவலகத்தின் அந்த இரண்டு அறை. முன்னறையில் பொஸ்ஸும் அவருடைய அலுமாரியும். பின்னறையில் நீங்களும் நானும் இரண்டு கணினிகளும். பத்து மணிக்குக் கீழே மீன் வைத்த மாலுபாண் வேகும் வாசம் ஏறி வரும், அதற்குப் பிறகு யாருக்கும் வேலையில் மனம் இருக்காது. நான் புசல்லாவைத் தோட்டத்திலிருந்து வந்து அம்பிட்டியவில் ஒரு வீட்டில் போர்டிங்கில் இருந்தேன். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கம்பளையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே அறை எடுத்திருந்தீர்கள். முதல் நாளே நீங்கள் என்னை "நீர்" என்று கூப்பிட்டது எனக்கு ஏதோ கோவில் பாட்டில் சாமியைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. சிரித்துவிட்டேன். உங்களுக்குக் கோபம் வந்தது. "நீங்கள் வாங்க போங்க எண்டு ஆக்களைத் துரத்துறதை விட இது நல்லம்" என்றீர்கள். ஒரே வயதுதான் நமக்கு. தமிழும் ஒன்றுதான். ஆனாலும் ஒரு மாதம் வரைக்கும் பாதிப் பேச்சை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. எல்லாரும் ஒன்றைக் கற்று வைத்திருந்தோம்: காலையில் பையைக் கட்டும்போது, சோதனைச் சாவடியில் அதைப் பிரிக்கப் போகிறவனின் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கட்டுவது. தமிழ்ப் பத்திரிகை வேண்டாம். ஊர்க் கடிதம் வேண்டாம். பற்றரி, வயர் எதுவும் கூடவே கூடாது. நீங்கள் இதில் என்னைவிடக் கெட்டி. சாப்பாட்டுப் பெட்டியைச் சுற்றுகிற தாள்கூட சிங்களப் பத்திரிகையாக இருக்கும். உங்கள் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. என்னுடையதில் கண்டி மாவட்டம்தான். அந்த ஒரு வரி வித்தியாசத்துக்காக, பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கி நடக்கவிடும்போது நான் இரண்டு நிமிடத்தில் அந்தப் பக்கம் போய்விடுவேன், உங்களுக்கு அரை மணி நேரம் பிடிக்கும்.

அந்த எண் வந்த வேலை ஒரு தனியார் மருந்தகத்துக்கு. குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டி ஒன்று அங்கே இருந்தது. இரண்டு பாகைக்கும் எட்டு பாகைக்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். அதற்கு வெளியே போனால் மணி அடிக்க வேண்டும். சென்சரோடு ஒரு சீடியும் இரண்டு பக்கக் கையேடும் வந்தன. கையேட்டில் பாதி நமக்குத் தெரியாத ஒரு மொழியில் இருந்தது. சீடியில் இருந்த லைப்ரரி, அந்தக் கருவியைச் செய்தவர்கள் எழுதி மூடிவைத்த நிரல். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாது. நம்முடைய ஸ்கிரிப்டிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடலாம், அது தருவதை வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கருவி இணைந்திருக்கிறதா என்று கேட்கும் வரியை நான் எழுதினேன். ஒன்று என்று பதில் வந்தது, அதாவது ஆம். நமக்குச் சந்தோஷம். அதே வரியைப் பிரதி எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, வெப்பநிலையைக் கேட்டேன். 1082130432 என்று வந்தது. மணி அடித்தது, நிற்கவே இல்லை. எட்டைவிடப் பெரிய எண்தானே, அடிக்கத்தானே செய்யும். பொஸ் முன்னறையிலிருந்து ஓடிவந்து வயரைப் பிடுங்கினார்.

ஒன்பது நாள் நாம் பட்ட பாடு எனக்கு இப்போதும் சிரிப்பும் எரிச்சலுமாக வருகிறது. கேபிளை மாற்றினோம். வேறு கணினியில் போட்டோம். மின்சாரத்தைக் குறை சொன்னோம். சென்சரைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்தால் சரியாகப் பூச்சியம் வந்தது, அதுதான் நம்மை இன்னும் குழப்பியது. பூச்சியத்துக்குப் பூச்சியம் சொல்லத் தெரிந்த கருவி, நாலுக்கு மட்டும் ஏன் நூறு கோடியைத் தாண்டிப் பேசுகிறது? உங்கள் தேத்தண்ணீரில் அதைப் போட்டுப் பார்த்தேன், நீங்கள் வேறு தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டீர்கள். பிழை என்று ஒரு செய்தி வந்திருந்தால் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். எந்தச் செய்தியும் இல்லை. எல்லாம் சரியாக ஓடி, அமைதியாக, தவறான எண்ணைத் தந்துகொண்டிருந்தது.

பிறகு நீங்கள்தான் ஒரு வழி சொன்னீர்கள். குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வைத்து, மெல்ல மெல்லச் சூடேற விட்டு, பக்கத்தில் ஒரு கண்ணாடி வெப்பமானியையும் வைத்து, இரண்டையும் நேரத்தோடு பதிவு செய்யலாம் என்று. அப்படியே செய்தோம். ஆறு தாள். இடது பக்கம் நேரம், நடுவில் பத்து இலக்க எண், வலது பக்கத்தில் வெப்பமானி காட்டியதை உங்கள் கையால் எழுதியது. மாலையில் அந்தத் தாள்களை உங்கள் பையில் வைத்தது நான். அறைக்குக் கொண்டு போங்க, சாப்பிட்ட பிறகு பாருங்க, எனக்கு மண்டை ஓடவில்லை என்று சொன்னதும் நான்தான். நீங்கள் ஒரு நிமிடம் தயங்கினீர்கள். பிறகு பையை மூடிக்கொண்டு, "இலக்கத்துக்குப் பாஷை இல்லைத்தானே" என்றீர்கள்.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அத்தனை வருடம் எழுத்துக்குப் பயந்து பழகியிருந்தோம், எண்ணுக்குப் பயப்பட யாரும் சொல்லித் தரவில்லை. அதுவும் அந்த வாரம். கொழும்பில் குண்டு வெடித்திருந்தது. அன்று மாலை நீங்கள் போன வழியில், சாவடியில் பஸ்கள் வரிசையாக நின்றிருக்கின்றன. உங்களுக்குச் சும்மா இருக்க முடியாது. வரிசை நகரும் வரைக்கும் அந்தத் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலால் எண்களுக்குப் பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நேரமும் பத்து இலக்க எண்ணும் நிறைந்த தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டிருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பொடியனை ஜன்னல் வழியாகப் பார்த்த சிப்பாய் என்ன நினைப்பான்?

மறுநாள் காலை உங்கள் ஹார்ட்வெயார் கடைக்காரர் கம்பளையிலிருந்து அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். நான்தான் எடுத்தேன். "மகள், தம்பி ராவைக்கு வரல்ல. செக்பொயின்டில புடிச்சி வெச்சிரிக்காம், பஸ் கொண்டக்டர் சொல்லிட்டுப் போறான். ஒங்கட முதலாளியக் கூட்டிக்கிட்டுப் போங்க, தனியப் போக வாணாம்" என்றார். பொஸ்ஸுக்கு அதைச் சிங்களத்தில் சொல்லும்போது என் குரல் நன்றாகத்தான் இருந்தது. படியில் இறங்கும்போதுதான் பயம் வந்தது. என் பயத்தில் எத்தனை பங்கு உங்களுக்காக, எத்தனை பங்கு எனக்காக என்று அப்போதே எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பொலிஸ் நிலையத்தில் நீங்கள் சுவரோரத்து வாங்குப் பலகையில் இருந்தீர்கள். சட்டை கசங்கியிருந்தது, முகத்தில் அடி ஒன்றும் தெரியவில்லை. நான் உள்ளே வந்ததும் என்னைப் பார்த்துவிட்டு உடனே நிலத்தைப் பார்த்தீர்கள். பொறுப்பதிகாரி வயதானவர், மூக்குக் கண்ணாடி போட்டவர், கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. ஆறு தாளையும் மேசையில் பரப்பி வைத்திருந்தார். பொஸ் உங்கள் நல்ல குணத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, இந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார்.

நான் உண்மையைச் சொன்னேன். தெரியாது, அது தெரியாததால்தான் இவர் வீட்டுக்குக் கொண்டுபோனார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். இராத்திரி இவனும் இதையேதான் சொன்னான், இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றார். சொல்வதற்கு என்னிடம் அதைவிட உண்மையான பதில் எதுவும் இருக்கவில்லை. அதைவிடச் சந்தேகத்துக்குரிய பதிலும் இருந்திருக்காது.

அப்போது அவர் ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். ஓரத்தில் உங்கள் பென்சில் எழுத்து. "8க்குப் பிறகு ஏற்றம் பாதி." இது என்ன என்று கேட்டார். நான் அதை அதற்கு முன் பார்த்ததில்லை. நீங்கள் ஒவ்வொரு பாகைக்கும் எண் எவ்வளவு ஏறுகிறது என்று கழித்துப் பார்த்திருந்தீர்கள். நாலிலிருந்து எட்டு வரைக்கும் ஒவ்வொரு பாகைக்கும் 2097152 ஏறுகிறது. எட்டைத் தாண்டியதும் சரியாக அதில் பாதி. இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் பார்த்தால் அதன் இரண்டு மடங்கு. இரண்டு, நாலு, எட்டு. அந்த இடத்தில், பொலிஸ்காரரின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, எனக்கு விளங்கிவிட்டது. கணினி தசம எண்களை, இரண்டு இரண்டாகப் பெருகும் படிகளில், அப்படித்தான் வைத்துக்கொள்கிறது. லைப்ரரி ஒன்பது நாளும் சரியான வெப்பநிலையைத்தான் தந்துகொண்டிருந்தது, தசம எண்ணாக. வாங்கி வைக்கிற இடத்துக்கு நான் முழு எண் என்று பெயர் கொடுத்திருந்தேன். இரண்டுக்கும் நாலு பைட்தான், அளவு பொருந்திவிட்டது. அதனால் யாரும் யாரையும் தடுக்கவில்லை. கருவி இணைந்திருக்கிறதா என்று கேட்ட வரிக்கு முழு எண் சரி. அந்த வரியைப் பிரதி எடுத்தேனே, அங்கேதான் பிழை. என் பிழை.

இன்னும் ஒரு அரை மணி நேரம் அந்த பஸ் வரிசையில் நின்றிருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

அதிகாரிக்கு இதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, எந்தப் பாஷையில்தான் சொல்வது. ஒன்று கேட்டேன். சேர், எண்களைக் கையால் மூடிக்கொள்ளுங்கள், வெப்பமானி காட்டியதை மட்டும் சொல்லுங்கள், நான் எண்ணைச் சொல்கிறேன் என்றேன். பொஸ் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று நினைத்திருப்பார். அதிகாரி உள்ளங்கையால் நடு வரிசையை மூடிக்கொண்டு ஆறு என்றார். அவர் தந்த துண்டுத் தாளில் கூட்டி 1086324736 என்று எழுதினேன். அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டு, பத்து என்றார். 1092616192 என்று எழுதினேன். மூன்றாவது தடவை பக்கத்து மேசைப் பொலிஸ்காரரும் எழுந்து வந்து பார்த்தார். ஒரு கூட்டலில் பிழை விட்டால் என்ன ஆகும் என்று அப்போது யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன்.

அவர் சிரித்துவிட்டார். குளிர்பெட்டிதானா என்று உங்களைப் பார்த்துக் கேட்டார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் பெரிய புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார், எழுதிக்கொண்டே, சாதாரணமாக, சரி, இந்தப் பிழையான எண்களை உண்டாக்கிய நிரலை எழுதியது யார், பெயர் போட வேண்டும் என்றார்.

அந்த இடத்தில் நான் நினைத்ததெல்லாம் இதுதான்: அம்பிட்டியவில் என்னை வைத்திருக்கும் வீட்டுக்காரம்மா ஒரு பொலிஸ் ஜீப் வந்தால் அன்றே என் பெட்டியை வெளியே வைத்துவிடுவார். தோட்டத்தில் அம்மா. படித்துக்கொண்டிருக்கும் தங்கை. அந்தப் புத்தகத்தில் ஏறுகிற பெயரை, அடுத்த குண்டு எங்கே வெடித்தாலும் தேடிக்கொண்டு வருவார்கள். இவ்வளவும் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் ஓடியது. அவர்தான் எழுதினார் என்று சிங்களத்தில் சொல்லி, விரலால் உங்களைக் காட்டினேன்.

உங்களுக்குச் சிங்களம் அரைகுறைதான். அது போதுமானதாக இருந்தது. நீங்கள் தலையைத் தூக்கவில்லை. "ஒவ் சேர். மம" என்றீர்கள். ஆமாம் சேர், நான்தான் என்று. பெயரையும் கேட்காமலே சொல்லிவிட்டீர்கள். அவர் எழுதிக்கொண்டார்.

மத்தியானம் உங்களை விட்டார்கள். வேனில் திரும்பி வரும்போது பொஸ் முழுநேரமும் என்னைப் புகழ்ந்துகொண்டே வந்தார். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தீர்கள். நான் அலுவலகத்துக்குப் போய் முழு எண் என்ற அந்த ஒரு சொல்லை மாற்றினேன். 4.0 என்று வந்தது. மறுநாள் நீங்கள் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து திரையைப் பார்த்தீர்கள். "இப்ப சரியா வருது. ஆர் மாத்தினது?" என்று கேட்டீர்கள். நான் என்றேன். "நல்லது" என்றீர்கள். அந்த "நல்லது" எந்த வகை என்று பதினாலு வருடமாக எனக்குப் பிடிபடவில்லை. கோபமாக இருந்தால் கோபம் தெரிந்திருக்க வேண்டும். மன்னிப்பாக இருந்தால் ஒரு சிரிப்பாவது வந்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லாமல், மாலுபாண் வாங்கி வரப் போனீர்கள், எனக்கும் ஒன்று வாங்கி வந்தீர்கள்.

அதற்குப் பிறகு மூன்று தடவை உங்களைக் கூப்பிட்டார்கள். வேறு எங்கோ ஏதோ நடக்கும், இங்கே புத்தகத்தைப் புரட்டுவார்கள், உங்கள் பெயர் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் வந்தீர்கள். மூன்றாவது தடவை இரண்டு நாள் வரவில்லை. திரும்பி வந்து ஒரு மாதத்தில், கொழும்பில் ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்திருப்பதாகவும் கனடாவுக்குப் போவதாகவும் பொஸ்ஸிடம் சொன்னீர்கள். என்னிடம் கடைசி நாளில்தான் சொன்னீர்கள். "நீர் இஞ்சையே இரும். உமக்கு இஞ்ச ஆக்கள் இருக்கினம்" என்றீர்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது என்று இங்கே சொல்ல ஆசை, உண்மையில் பஸ் வரவில்லை. இன்னும் பத்து நிமிடம் நின்றோம். நான் மழையைப் பற்றிப் பேசினேன்.

நீங்கள் போன பிறகுதான் அதைப் பார்த்தேன். மருந்தகத்தில் வேறு ஏதோ மாற்றம் கேட்டார்கள் என்று அந்தக் கோப்பைத் திறந்தேன். முதல் வரியில், எழுதியது யார் என்று குறிப்பிடும் இடத்தில், நான் போட்டிருந்த என் பெயர் இல்லை. உங்கள் பெயர் இருந்தது. கோப்பு மாற்றப்பட்ட நாளைப் பார்த்தேன். உங்களை விட்ட மறுநாள். "நல்லது" என்று சொன்ன அதே நாள்.

யாராவது வந்து கணினியைத் திறந்து பார்த்தால், பொலிஸ் புத்தகத்தில் இருப்பதும் இதில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று செய்திருப்பீர்கள். அப்படித்தான் முதலில் எடுத்துக்கொண்டேன், அன்று கழிவறைக்குள் போய் அழுதேன். அடுத்த வாரம் வேறு மாதிரித் தோன்றியது. நீர் சொன்னதை நான் எழுதியே வைத்துவிட்டேன், போதுமா என்று கேட்கிற மாதிரி. ஒரு வருடம் ஒன்றை நம்புவேன், மறு வருடம் மற்றதை. நான் பொலிஸில் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் நாட்டை விட்டுப் போயிருக்க மாட்டீர்களா, அல்லது யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு எப்படியும் ஒரு நாள் போயிருப்பீர்களா என்பதும் அப்படித்தான். எந்த வரியால் எங்கே போய் என்ன உடைந்தது என்று ஸ்கிரிப்டில் என்றால் நான் கண்டுபிடித்துவிடுவேன். இதில் முடியவில்லை.

எழுதிக் கேட்டிருக்கலாம். மின்னஞ்சல் இருந்தது. கல்யாணப் படம் அனுப்பினீர்கள், வாழ்த்து அனுப்பினேன். மகள் பிறந்தாள், அதற்கும் வாழ்த்து. ஒவ்வொரு தடவையும் அந்த விஷயத்தை எழுதுவேன், அழிப்பேன். உங்களுக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்தியதாகிவிடும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் வேண்டாம்.

அந்த எண் வந்து நின்றிருக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் எடுத்திருக்க மாட்டேன். உங்கள் மனைவி என் பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார். பொலிஸுக்கு வந்து உங்களை வெளியே எடுத்த பிள்ளை என்று நீங்கள் சொல்வீர்களாம். நான் பேச வேண்டியதை வாயில் எடுப்பதற்குள் அவரே அந்தக் கதையைத் தொடங்கிவிட்டார். உங்கள் வீட்டில் அது பெயர் போன கதையாம். பிறந்தநாள், கொண்டாட்டம் எதுவென்றாலும் யாராவது கேட்பார்களாம், நீங்களும் சொல்வீர்களாம். நீங்கள் ஒரு வரியைப் பிழையாக எழுதி, அந்தப் பிழையை நீங்களே பையில் காவிக்கொண்டு போய், நீங்களே பிடிபட்ட கதை. "தன்ரை மொக்குத்தனத்தை அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்" என்று சொல்லி அவரும் சிரித்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரிக்கிறேன் என்றும் சொன்னார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் இன்னொரு தடவை உங்கள் பக்கம் விரலைக் காட்டிவிட்டு நிற்க என்னால் முடியவில்லை. "அக்கா, அந்த லைன எழுதினது அவரு இல்ல. நான்தான் எழுதினேன். பொலிஸ்ல அவரு பேரச் சொன்னதும் நான்தான்" என்றேன்.

பின்னால் உங்கள் மகள் ஏதோ கேட்கும் சத்தம் வந்தது, ஆங்கிலத்தில். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் அவர் மெல்லிய குரலில், "பொலிசுக்குச் சொன்னது சரி. ஊருக்குச் சொன்னதும் சரி. எனக்கேன் அப்பிடிச் சொன்னவர்? நான் அவரின்ரை மனிசி எல்லே" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அது எதற்கென்றே எனக்குத் தெரியவில்லை. அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு தானே எடுப்பதாகவும், அதற்குள் எனக்கு ஏதாவது தோன்றினால் சொல்லும்படியும் சொல்லி, போனை வைத்துவிட்டார்.

எதற்காக? என்னைக் காப்பாற்றவென்றால், அந்த ஊரில் யாரிடமிருந்து? அல்லது சொல்லிச் சொல்லி உங்களுக்கே அது உண்மையாகிவிட்டதா? அல்லது என்னை ஒரு நல்ல பிள்ளையாகவே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டீர்களா? என் பிழையை நீங்கள் உங்கள் வீட்டுக்குள் கொண்டுபோய், சிரிக்கிற மாதிரி ஆக்கி வைத்திருந்தீர்கள். நான் போய் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். வாங்கும்போது அவரிடமிருந்து உங்களில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டேன். இனி அந்தக் கதையைச் சொல்லி அந்த வீட்டில் யாரும் சிரிக்க முடியாது. உண்மையைத்தான் சொன்னேன். அதை உங்களுக்காகச் சொன்னேனா, என் பாரம் குறைய வேண்டும் என்று சொன்னேனா என்பதுகூட எனக்கு விளங்கவில்லை. பாரம் குறையவும் இல்லை.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவர் அழைப்பு எடுப்பார். தெரியாது என்பதுதான் உண்மை, ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவரை எப்படி விட்டுவிடுவது என்று தெரியாமல் இருக்கிறேன்.